கட்டம் பன்னிரண்டு, உட்பிரிவு ஆ

படிவம் பதினோரு பக்கம்.
கலெக்டர் ஆபீஸ் எதிர்ச் சந்தில்
ஜெராக்ஸ் போட்டவர் கேட்டார்:
"சென்ட்ரல் கவர்மென்ட்டுங்களா?"
ஆமாம் என்றேன்.
ராணுவ ஆராய்ச்சிக்கூடம் என்று சொல்லவில்லை.
சொல்லாமல் விடுவது
எனக்குச் சுலபமாக வரும்.

பிறந்த ஊர், படித்த பள்ளி,
ஓராண்டுக்கு மேல் தங்கிய முகவரிகள்:
அம்மாபேட்டை, அம்மாபேட்டை, அம்மாபேட்டை.
ஓடிக்கொண்டே வந்த பேனா
பன்னிரண்டில் நின்றது.
எப்போதாவது கைது? வழக்கு? அபராதம்?
ஆம் / இல்லை.
பொருந்தாததை அடிக்கவும்.

பதினேழு வயது எனக்கு.
பிராக்டிகல் முடிந்த சாயங்காலம்.
அடிவாரத்துக் கடையில்
அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு
பூபேஷ் வாங்கினான்.
வயதை யாரும் கேட்கவில்லை.
ஏற்காட்டு மலை, ஒன்பதாவது கொண்டை ஊசி.
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால்
சேலம் மொத்தமும் காலடியில் எரியும்.
பீர் கசந்தது.
அதை ஒருத்தனும் ஒப்புக்கொள்ளவில்லை.
மூன்று பாட்டில், மூன்று பேர்,
நான்காவதாக ஜீப்.

"பேரு?"
ஏட்டையாவின் டார்ச் என் உதட்டில் நின்றது.
அப்பா பெல்ட்டைக் கழற்றும் சத்தம்
அங்கேயே, அந்த மலையிலேயே கேட்டது.
"இன்னாசி.
அப்பா பேரு சவரிமுத்து.
செவ்வாய்ப்பேட்டை."
கதவு எண்கூடத் தடங்காமல் வந்தது.
அவன் வீட்டில்தான் நான் கணக்குப் படித்தேன்.
அன்றைக்கு அவன்
அம்மை போட்டு, கோடு கோடாய்ச் சொறிந்துகொண்டு
படுத்திருந்தான்.
வயது பத்தொன்பது என்றேன்.
சின்னப் பையன் என்றால்
அப்பாவை வரச் சொல்வார்கள்.

இருநூறு ரூபாய் அபராதம்.
பதிவேட்டில் இன்னாசி என்று கையெழுத்துப் போட்டேன்,
'னா'வுக்கு ஒரு சுழி கூடுதலாக.
விடிகாலை முதல் பஸ்ஸில்
இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று
வளைவுகளை எண்ணி எண்ணிச் சிரித்தபடி இறங்கினோம்.

போன வருடம்
இன்னாசிக்குக் கல்பாக்கத்தில் வேலை வந்தது.
பன்னிரண்டில் 'இல்லை' என்று எழுதினான்.
உண்மையைத்தான் எழுதினான்.
ஏற்காட்டுப் பதிவேடு 'ஆம்' என்றது.
திரும்பி வந்த கடிதத்தில்
குடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
மறைத்ததற்காக, என்று இருந்தது.
சொல்லியிருந்தால்
சிறுவயதுத் தவறு என்று விட்டிருப்பார்களாம்.
ஆபீஸில் யாரோ அவனிடம் சொன்னார்களாம்.

அன்று ராத்திரி போன் பண்ணினான்.
"டேய், நான் அந்த மலைக்கே போகலடா.
எவனோ எம்பேரச் சொல்லியிருக்கான்.
யாருடா இருக்கும்?"
"தெரியலையேடா."
எனக்கு இருபத்து நான்கு வயது.
கையில் டீ.
அந்தப் பொய்க்கு
பீர் தேவைப்படவில்லை.

அவன் இப்போது
ஐந்து ரோட்டில் செல்போன் கடையில்
அடுத்தவர் ரகசியமெல்லாம் உள்ள போன்களைப்
பழுது பார்க்கிறான்.
யாருடையதையும் திறந்து பார்ப்பதில்லை.

என் பெயரில்
எந்த ஸ்டேஷனிலும் எதுவும் இல்லை.
'இல்லை' என்று எழுதினால்
எந்த ஏட்டையாவாலும் பிடிக்க முடியாது.
கணக்குப்படி அபராதம் கட்டியது இன்னாசி.
நாட்டின் ரகசியத்தை
என்னிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.
ஏழு வருடம் ஒன்றைக் கட்டிக் காத்திருக்கிறேனே.

'ஆம் எனில் விவரம் தருக.'
விவரத்துக்கு விட்டிருக்கும் இடம்
அரை அங்குலம்.
இதற்குள் ஒரு மலையை எப்படி எழுதுவது?

'இல்லை'யை அடித்தேன்.
கோடு கோணலாகப் போய்
'ஆம்'மிலும் கொஞ்சம் பட்டுவிட்டது.
ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்தார்.
"இன்னொரு காப்பி போடட்டுங்களா?"
வேண்டாம் என்றேன்.

பேனாவை மூடிவிட்டு
அவனுக்கு போன் போட்டேன்.
மூன்று மணி அடித்தது.
நாலாவதில் எடுத்தான்.
எப்போதும் எடுக்கிற மாதிரிதான்
எடுத்தான்,
ஸ்க்ரூடிரைவரை வாயில் கடித்துக்கொண்டே:

"சொல்றா, பரணி."